கோப்பிக்கு முந்தி முடிந்த வரலாறு

கோப்பி பிந்தவில்லை. வரலாறு முந்திவிட்டது. இதை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். ஏனென்றால் இந்தக் கதையைச் சனம் வேறு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறது. ஒஸ்லோவுக்குப் பக்கத்துப் பட்டணம் திராமனில் இருக்கிற என் மச்சாள் தொலைபேசி எடுத்து, "என்ன மச்சாள், ஜெர்மன்காரருக்குப் பச்சைத் தண்ணி குடுத்து அனுப்பினீங்களாம்?" என்று கேட்டாள். பச்சைத் தண்ணி இல்லை. பழச்சாறு. அதையும் நான் கொடுக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். கூட்டி முடிய நேரம் பிடிக்கும். அவசரம் உள்ளவர்கள் வேறு ஏதாவது வாசிக்கலாம்.

ஒஸ்லோவுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை ஓர் ஐஸ் விளையாட்டு மண்டபத்தைத் துப்புரவாக்குவது. வெளியே தெருவெல்லாம் ஐஸ் கிடக்கும். அதில் வழுக்கி விழாமல் சப்பாத்துக்கு ஆணிப்பட்டி போட்டு, பயந்து பயந்து நடந்து வந்தால், உள்ளே மெசின் வைத்து வேறு ஐஸ் செய்து, அதில் விழுந்து எழும்பிக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் நான் வாளியோடு உள்ளே போனபோது பெரிய மனிதர்கள் நாலு பேர் நின்றார்கள். ஆட்டுக்கல் அளவில் ஒரு கல், அதற்குக் கேத்தல் பிடி மாதிரி ஒரு பிடி. ஒருவர் அதைத் தள்ளிவிட, மற்ற இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடி ஓடித் தும்புத்தடியால் ஐஸைத் தேய்த்தார்கள். என்னை எடுப்பதற்கு முதலே வேறு ஆட்களை எடுத்துவிட்டார்கள், அதுவும் ஆம்பிளைகளை, என்று நினைத்தேன். பிறகுதான் அது விளையாட்டு என்று சொன்னார்கள். வீட்டில் தும்புத்தடி எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாத மனிதர்கள், கழகத்தில் சேர்ந்து வந்து தேய்க்கிறார்கள். கரையை விட்டுவிட்டு நடுவை மட்டும் தேய்த்தார்கள். அதை அன்றைக்கே கவனித்தேன்.

இருபது வருடத்துக்கு மேல் அந்த மண்டபத்தைத் துடைத்தேன். கழகத்துக்குக் கோப்பியும் நான்தான் போட்டேன். ஓய்வு பெற்ற அன்று பூச்செண்டு தந்தார்கள். அப்போதைய தலைவர், உயரமான கிழவர், குசினிப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்து, "இது உங்களிட்டையே இருக்கட்டும்" என்றார். உண்மையில் அவர் சொன்னது 'உன்னட்டை'. இந்த நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். எனக்குச் சேர வேண்டிய மரியாதையை எழுதும்போது நானே சேர்த்துக்கொள்கிறேன். நோர்வேக்காரரின் பேச்சையும் ஜெர்மன்காரரின் பேச்சையும் என் பேச்சிலேயே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் அவர்களும் இப்படித்தான் கதைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து கோப்பி எனக்கு வேலை இல்லை, பதவி. சம்பளம் கிடையாது. இங்கே இதை டுக்னாட் என்பார்கள். எங்கள் சிரமதானம்தான், முடிவில் வாஃபல் கிடைக்கும். குசினிக்கு இரண்டே இரண்டு திறப்பு. ஒன்று தலைவரிடம். மற்றதை ஊசியில் கோத்து என் கம்பளிச் சட்டையின் உட்பக்கம் குத்தி வைத்திருக்கிறேன். அந்தக் கழகத்தில் டாக்டர்மார் இருக்கிறார்கள், சட்டத்தரணிமார் இருக்கிறார்கள், நீதவான் ஒருவர்கூட இருக்கிறார். சுடுதண்ணி வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். குசினி வாசலில் ஒரு கால்மிதி போட்டு வைத்திருக்கிறேன். ஒருவரும் கால் துடைப்பதில்லை. நீதவானும் இல்லை.

எங்கள் கழகத்துக்கு ஜெர்மனியில் ஓர் உறவுக் கழகம் இருக்கிறது. தெற்கே, மலையடியில் ஒரு சின்னப் பட்டணம். நூறு வருடம் தாண்டிய கழகம். சம்பந்தி வீடு மாதிரி ஒரு வருடம் அவர்கள் இங்கே வருவார்கள், அடுத்த வருடம் இவர்கள் அங்கே போவார்கள். அவர்களுடைய விளையாட்டில் கல் இல்லை. மத்தைத் தலைகீழாக நிறுத்தினது போல ஒரு கட்டை, அதைச் சறுக்கிவிடுவார்கள். தேய்ப்பதும் இல்லை. ஆகவே முதல் ஆட்டம் அவர்களுடைய கட்டையில், இரண்டாவது எங்களுடைய கல்லில். முதலாவதில் அவர்கள் வெல்வார்கள், இரண்டாவதில் நாங்கள். நான் அறிந்த காலம் முழுவதும் இதுதான் முடிவு. ஆனாலும் இரண்டு பக்கமும் வெற்றி தோல்வியை நினைத்து வயிற்றுப்போக்கு வருகிற அளவுக்குக் கவலைப்படுவார்கள்.

ஆட்டம் தொடங்குவதற்கு முதல், சனிக்கிழமை மதியம், ஒரு சடங்கு உண்டு. ஜெர்மன்காரர் தங்கள் கழகத்தின் வரலாற்றை எழுந்து நின்று வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் அவர்கள் கொண்டுவருகிற பழைய வெள்ளிக் கிண்ணத்தில், அதற்கு ஒரு காது உடைந்து ஒட்டியிருக்கிறது, கொதிக்கக் கொதிக்கக் கோப்பி ஊற்ற வேண்டும். மண்டபத்தில் பியருக்கு அனுமதி இல்லாதபடியால் கோப்பி. இரண்டு தலைவர்களும் ஒரே கிண்ணத்தில் மாறி மாறிக் குடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கேக்கில் கை வைக்கலாம். அதற்குப் பிறகுதான் வந்தவர்கள் வந்ததாகக் கணக்கு.

வாசிப்பவர் ஒரு பழைய பேக்கரிக்காரர். தடித்த கண்ணாடி, கையில் பெரிய பெரிய தாள்கள். அவர் ஒரு பந்தி வாசிப்பார். அந்தப் பட்டணத்தில் பிறந்து ஒஸ்லோவில் கலியாணம் முடித்த ஒருத்தி பக்கத்தில் நின்று அதை நோர்வே மொழியில் சொல்லுவாள். நான் குசினி யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். அப்படிப் பதினைந்து தடவை கேட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு குளம் வரும். பியர் வடிக்கிறவன் ஒருவனுடைய குளம். குளிர்காலத்தில் அவன் அந்த ஐஸை வெட்டிப் பியருக்கு அடியில் வைக்கப் பார்ப்பான். ஊர் இளந்தாரிகள் அதே ஐஸில் சறுக்கப் பார்ப்பார்கள். அவன் வெட்ட வெட்ட இவர்கள் மிச்சத் துண்டில் விளையாடினார்கள். துண்டு சிறுக்கச் சிறுக்கக் கெட்டித்தனம் கூடியது என்று தாளில் பெருமையாக எழுதியிருக்கிறது. கடைசியில் பியர்க்காரனே முதல் தலைவரானான். அடுத்தது, ஐஸ் பிடிக்காத ஒரு குளிர்காலம். கழகம் கலைந்துவிடக் கூடாது என்று பியர்க்கடைத் தரையில் சவர்க்காரம் பூசி விளையாடினார்கள். ஒருவருக்குக் கால் முறிந்தது. கால் முறிந்தவருடைய பெயரை இன்றைக்கும் வாசிப்பார்கள். சவர்க்காரம் பூசினவருடைய பெயரை வாசிக்கமாட்டார்கள்.

பிறகு போர் வருடங்கள். அந்த இடம் வந்தால் பேக்கரிக்காரர் கொஞ்சம் வேகமாக வாசிப்பார், தலை நிமிரமாட்டார். கவனித்தேன் என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் ஆட்களும் சில வருடங்களைச் சொல்லும்போது அப்படித்தான் சொல்லுவார்கள்.

போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஊரில் விறகு இல்லை. கழகத்தின் மரக் கொட்டிலை ஊர்ச் சனமே உடைத்து எரித்தது. குளத்தடியில் ஒரு பெண் இருந்தாள். கழகத்தின் உடுப்புகளைத் தோய்த்துக் கொடுப்பவள். கொட்டில் உடைபடுகிற அன்று காலையில் அவள் உள்ளே போய், கழகத்தின் பதிவுப் புத்தகத்தையும் இந்தக் கிண்ணத்தையும் விளையாட்டுச் சட்டைகளையும் கூடையில் போட்டு, மேலே ஊத்தை உடுப்பை நிரப்பிக்கொண்டு, கோடரியோடு நின்ற எல்லோருக்கும் முன்னால் நடந்து வீட்டுக்குப் போனாள். ஊத்தை உடுப்புக்குள் எந்த ஆம்பிளையும் கை விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். போர் முடிந்து நாலு பேர் திரும்பி வந்தார்கள். கழகம் போய்விட்டது என்று அவளுடைய வாசலில் நின்று அழுதார்கள். அவள் துணி அவிக்கிற கொதிகலனின் மூடியைத் திறந்தாள். உள்ளே புத்தகம், கிண்ணம், பதினொரு சட்டை. பதினொன்றும் தோய்த்து, ஸ்திரி போட்டு, மடித்து இருந்தன. திரும்பி வராத ஏழு பேருடையதும்.

இந்த இடத்தில் பேக்கரிக்காரர் ஒவ்வொரு முறையும் அழுவார். கண்ணாடியைக் கழற்றுவார், கண் துடைக்க லேஞ்சி தேடுவார், தேடின பையில் இராது, மற்றப் பையில் இருக்கும்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. கூரை போட்ட மண்டபம் கட்டினார்கள். பனிப் பாரத்தில் கூரை விழுந்தது. திரும்பக் கட்டினார்கள். ஐஸ் ஹொக்கிக்காரரும் ஐஸ் நடனக்காரரும் நேர அட்டவணைக்காகச் சண்டை பிடித்து மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். எங்கள் கோயில் நிர்வாகத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் பகுதி விளக்கம் இல்லாமலே விளங்கும். பிறகு சமாதானம். கைதட்டல்.

நான் வந்த புதிதில் இதெல்லாம் எனக்கு இரைச்சல்தான். மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ, கோப்பை துடைத்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஊத்தை உடுப்புக் கூடை எனக்கு விளங்கியது. கூடையைப் பிடித்துக்கொண்டு போய்க் கொதிகலனும் விளங்கியது. இந்த நாட்டு மொழியில் நான் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விளங்கிக் கேட்ட முதல் கதை அது. அதற்குப் பிறகு அந்தப் பெண் எனக்குத் தெரிந்த ஆள் மாதிரி ஆகிவிட்டாள்.

இனிக் கோப்பிக்கு வருகிறேன். நின்ற கோப்பியை நான் விருந்தாளிக்குக் கொடுப்பதில்லை. பெரிய பானையில் இறங்கி முடிந்த கையோடு ஊற்ற வேண்டும். நின்றால் தார் மாதிரிக் கசக்கும். மணிக்கூட்டைப் பார்த்துச் செய்தால் சரிவராது, ஏனென்றால் கூட்டங்கள் மணிக்கூட்டைப் பார்த்துத் தொடங்குவதில்லை. ஆகவே நான் வரலாற்றைப் பார்த்துச் செய்வேன். குளம் உறையும்போது பானைக்குத் தண்ணீர். கால் முறியும்போது கேக் வெட்டுவது. போருக்குக் கோப்பித்தூள். அந்தப் பெண் கொதிகலன் மூடியைத் திறக்கும்போது சுவிச். கூரை விழும்போது கோப்பைகளைத் தட்டில் அடுக்குவது. கைதட்டல் கேட்கும்போது பானை கடைசித் துளியை இறக்கும். பதினைந்து தடவையும் பிசகவில்லை. என் மனுசன் செத்த வருடம், முப்பத்தோராம் நாள் செய்த மறுநாள் வந்து ஊற்றினேன். பிசகவில்லை.

இந்த மாசி மாதம் பதினாறாவது தடவை. எங்கள் கழகத்துக்குப் புதுத் தலைவி. நல்ல பிள்ளை, நாற்பது வயது வரும், எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் அளப்பவள். ஜெர்மன்காரருக்கும் புதுச் செயலாளர். பேக்கரிக்காரருக்கு வயதாகிவிட்டது, ஒரு காது கேளாது, கதிரையில் இருக்கட்டும் என்று செயலாளர் தானே வரலாற்றைச் சொல்ல வந்தார். தாள் இல்லை. சுவரில் படம் காட்டினார்.

குசினியில் என்னோடு என் சிநேகிதி இருந்தாள். மன்னார்க்காரி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, என்னிலும் இரண்டு வயது இளமை. கேக் வெட்டுவது அவளுடைய பங்கு.

"அக்கா, பானைக்குத் தண்ணி விடட்டே?"

"குளம் இன்னும் உறையேல்லை. பொறும்."

"உறைஞ்ச குளத்தின்ரை படம் காட்டிப்போட்டான் அக்கா."

நான் அவசரமாகத் தண்ணீரை ஊற்றினேன். அவள் கத்தியை எடுத்தாள்.

"அப்ப கேக்கை வெட்டுறன்."

"கால் முறியட்டும்."

"முறிஞ்சிட்டுது. பேர்தான் சொல்லேல்லை."

எனக்கு அப்போதே சாடையாக மனம் சரியில்லை. பெயரில்லாமல் கால் முறிவது எப்படி? ஆனாலும் தூளைப் போட்டு, சுவிச்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். போர் ஒரே வசனத்தில் போய்விட்டது. இனிக் கூடை வரும், கொதிகலன் வரும் என்று நிற்கிறேன்.

"கூரை விழுந்திட்டுது," என்றாள் சிநேகிதி.

"எந்தக் கூரை?"

"அவையின்ரை மண்டபக் கூரைதான்."

"அது விழாது. மனுசி இன்னும் கூடையைத் தூக்கேல்லை."

"நான் என்ன பொய்யே சொல்லுறன்? எட்டிப் பாருங்கோ. கூரை கீழை கிடக்கு."

எட்டிப் பார்த்தேன். கிடந்தது. நான் சுவிச்சைப் போட்டதும் கைதட்டல் கேட்டதும் ஒன்றாக நடந்தன.

அறுபது பேர் வெறுங்கோப்பையோடு எழுந்து நின்றார்கள். தலைவி கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யன்னலடிக்கு வந்தாள். பானை அப்போதுதான் தொண்டையைச் செருமியது.

"கோப்பி?" என்றாள்.

"வருகுது."

"எப்ப வரும்?"

"மனுசி வராமல் எப்பிடி வரும்?"

"எந்த மனுசி?"

பின்னால் அறுபது பேர் நிற்கும்போது அதை விளங்கப்படுத்த முடியாது. சிநேகிதி சிலுவை போட்டுக்கொண்டு பானையைப் பார்த்தாள். பானை அதற்கெல்லாம் அசையவில்லை. அந்த நேரம் யாரோ பிள்ளைகளுக்கு வைத்திருந்த சிவப்புப் பழச்சாற்றுப் போத்தலை நீட்ட, தலைவி அதைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டாள். ஜெர்மன் தலைவர் குடித்தார். தலைவி குடித்தாள். கிண்ணத்தைப் பேக்கரிக்காரரிடம் காட்டினார்கள். அவர் உள்ளே பார்த்தார், மணந்து பார்த்தார், குடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். கோப்பி இறங்கி முடிந்தபோது அரைவாசிப் பேர் சப்பாத்து மாட்டிக்கொண்டு ஐஸில் நின்றார்கள்.

ஆட்டம் நடக்கும்போது தலைவி குசினிக்கு வந்தாள். கால் துடைக்கவில்லை. உருகின பனி தரையெல்லாம்.

"நீங்கள் எவ்வளவு காலம் எங்களுக்காகக் கஷ்டப்பட்டிட்டீங்கள்," என்றாள். இந்த நாட்டில் ஒருவர் இப்படித் தொடங்கினால் முடிவு நல்லதாக இராது. "பொத்தான் அமத்தினால் உடனை கோப்பி வாற மெசின் ஒண்டு வருகுது. நீங்களும் இனி ஆறி இருக்கலாம்தானே. திறப்பை நாளைக்கு அவை வெளிக்கிட்டாப் பிறகு தந்தால் காணும்."

என் கை தானாகச் சட்டைக்குள் போய் ஊசியைத் தொட்டது.

"என்ரை கோப்பி பிந்தேல்லை. அவையின்ரை வரலாறுதான் முந்தினது," என்றேன்.

அவள் என் தோளைத் தடவினாள். கோபித்திருந்தாலும் பொறுத்திருப்பேன், தடவினாள். வயது போனவர்களைத் தடவுகிற மாதிரி.

"நாளைக்குத் தருவன்," என்று சொன்னேன். சொன்னால் சொன்னதுதான். அதுதான் என் குணமும் குறையும்.

சிநேகிதி அவள் போன பிறகு, "அழுது கேட்டிருக்கலாம் அக்கா" என்றாள்.

"அழுது கேட்டு வாங்கிற பதவிக்கு நீர் போம்."

அந்தத் திறப்பு இல்லாவிட்டால் நான் யார் என்று யோசித்துப் பார்த்தேன். பான் என்கிற நிலக்கீழ் ரயிலில் ஏறி அந்த மண்டபத்துக்கு வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, மற்றவர்கள் விழுந்து எழும்புவதைப் பார்க்கிற ஒரு கிழவி. அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே ஆட்டம் முடிந்த கையோடு, புதிதாகப் போட்ட கோப்பியில் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு, கரையில் கதிரையில் இருந்த பேக்கரிக்காரரிடம் போனேன். மொழிபெயர்ப்புக்காரியும் செயலாளரும் பக்கத்தில் நின்றார்கள்.

"தோய்க்கிற மனுசியை ஏன் விட்டனீங்கள் எண்டு கேள் பிள்ளை," என்றேன்.

அவள் கேட்டாள். பேக்கரிக்காரருக்கு முகம் மாறியது.

"சொல்லேல்லையோ? நான் அந்த இடத்திலை நித்திரையாப் போனன் எண்டெல்லோ நினைச்சன்."

செயலாளர் நெளிந்தார். "பழைய கதை நீளம். இப்பத்தை ஆக்களுக்குப் பொறுமை இல்லை. மற்றது, அந்த மனுசியைப் பற்றிப் பதிவுப் புத்தகத்திலை ஒரு வரியும் இல்லை. வாய்க்கதைதான். எழுத்து இல்லாததை நான் எப்பிடிச் சொல்லுறது?"

"புத்தகம் அவவின்ரை கூடைக்குள்ளை கிடந்தது," என்றேன். "கூடைக்குள்ளை கிடந்துகொண்டு அது எப்பிடித் தூக்கினவவை எழுதும்?"

மொழிபெயர்ப்புக்காரி சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். நான் நிற்பாட்டவில்லை. "எனக்கும் பிறந்ததுக்கு எழுத்து இல்லை, தம்பி. இஞ்சை வந்த அண்டைக்கு ஒரு உத்தியோகத்தர் தனக்குப் பிடிச்ச ஒரு திகதியைப் போட்டுவிட்டவர். அதுக்காக நான் பிறக்கேல்லையோ? உமக்கு முன்னாலை நிண்டு கதைக்கிறன்."

பேக்கரிக்காரர் என் கோப்பியை ஒரு மிடறு குடித்தார். பிறகு கிண்ணத்தைக் காட்டி, ஒரு காது கேளாதவர் பேசுகிற சத்தத்தில் சொன்னார்: "மனுசியும் இல்லை, கோப்பியும் இல்லை. பழச்சாறு செல்லாது. நாங்கள் இன்னும் வந்து சேரேல்லை."

இது பகிடி இல்லை. வந்து சேராதவர்கள் விளையாடின ஆட்டம் எப்படிச் செல்லும்? அவர்கள் அப்போதுதான் கட்டையில் வென்றிருந்தார்கள். நாங்கள் கல்லில் வென்றிருந்தோம். இரண்டு வெற்றியும் போய்விடும் என்றதும் இரண்டு தலைவர்களும் ஓடி வந்தார்கள். பேக்கரிக்காரர் அசையவில்லை. முடிவில் ஞாயிற்றுக்கிழமை காலை, புறப்படுவதற்கு முதல், வரலாற்றைத் திரும்ப முழுதாகச் சொல்லிக் கிண்ணத்தில் கோப்பி குடிப்பது என்று தீர்மானமானது.

காலையில் அறுபது பேரும் வந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் எழுந்து நின்றார். அப்போதுதான் விளங்கியது, பழைய தாள்கள் ஜெர்மனியில் அவருடைய வீட்டு அலுமாரிக்குள். எழுதினதை வாசித்தே பழகினவருக்கு எழுத்து இல்லாமல் ஒன்றும் வரவில்லை. பியர்க்காரனுடைய குளத்தில் கூரையை விழுத்தினார். கால் முறிந்தவரைத் தலைவராக்கினார். நான் யன்னலில் நின்று தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கண்டுவிட்டார்.

"அவவைக் கூப்பிடுங்கோ," என்றார். "அவவுக்குத் தெரியும்."

முப்பது வருடத்தில் கூட்டம் நடக்கும்போது நான் குசினியை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. ஏப்ரனைக் கழற்றவில்லை. சிநேகிதியிடம், "நீர் சுவிச்சிலை கையை வைச்சுக்கொண்டு நில்லும். நான் கையைத் தூக்கினால் போடும்" என்றேன்.

"இந்த வயதிலை எனக்கு ஏன் இந்தச் சோதனை," என்று அவள் போய் நின்றாள்.

நான் நோர்வே மொழியில் சொன்னேன். மொழிபெயர்ப்புக்காரி வரலாற்றை முதல் தடவையாக ஜெர்மனுக்கு மாற்றினாள். குளம் உறைந்தது. சவர்க்காரம் பூசினார்கள். கால் முறிந்தது, பெயரோடு. போர் வருடங்களை நான் வேகமாகச் சொல்லவில்லை. மூச்சு விட்டுச் சொன்னேன். பிறகு கூடை, ஊத்தை உடுப்பு, கோடரிக்காரருக்கு நடுவே அவளுடைய நடை. மூடியைத் திறந்ததும் கையைத் தூக்கினேன். சுவிச் விழுந்த சத்தம் மண்டபத்துக்குக் கேட்டது. பதினொரு சட்டை என்றேன், ஏழு பேர் என்றேன். கூரையை விழுத்தித் திரும்பக் கட்டினேன். ஹொக்கிக்காரரைச் சமாதானப்படுத்தினேன். முடிந்தது.

குசினிப் பக்கம் பார்த்தால் சிநேகிதி தலையை ஆட்டுகிறாள். இறங்கவில்லை.

எங்கே பிழைத்தது என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பேக்கரிக்காரருடைய அழுகை. கண்ணாடி, லேஞ்சி, பிழையான பை, சரியான பை. அந்த நேரம் முழுவதும் என் கோப்பிக் கணக்கில் இருந்திருக்கிறது. நான் ஆட்களுக்கு முன்னால் அழுகிறவள் இல்லை. ஆகவே ஓர் அழுகை அளவுக்கு வரலாறு குறுகிவிட்டது.

அறுபது பேர் கைதட்டக் கையை எடுக்கிறார்கள். தலைவி கிண்ணத்தோடு எழும்புகிறாள். இன்னொரு தரம் பழச்சாறு ஊற்ற நான் விடமாட்டேன்.

"ஒண்டு மறந்துபோனன்," என்றேன்.

எல்லோரும் கையை இறக்கினார்கள்.

"அந்த நாலு பேரும் வாசலிலை நிண்டு அழுதவை எண்டு சொன்னனெல்லோ. அவ உடனை உள்ளை விடேல்லை. வெளியிலை சேறு, பனி. அவ அப்பதான் வீட்டைக் கழுவிவிட்டவ. முதலிலை காலைத் துடையுங்கோ எண்டவ. மூண்டு பேர் துடைச்சவை. நாலாவது ஆள், பிறகு தலைவரா வந்தவர், அழுதுகொண்டு அப்பிடியே உள்ளுக்கு வரப் பாத்தவர். திரும்பிப் போம் எண்டவ. போனவர். துடைச்சவர். ஒரு கால்தான் துடைச்சிருக்கு, மற்றக் காலையும் எண்டவ. அதையும் துடைச்சாப் பிறகுதான் மூடியைத் திறந்தவ."

மொழிபெயர்ப்புக்காரி, அந்தப் பட்டணத்தில் பிறந்தும் இதைக் கேட்டிராதவள், என்னைப் பார்த்தாள்; ஆனால் சொன்னாள். பேக்கரிக்காரர் தன் காலைப் பார்த்தார். செயலாளர் கைத்தொலைபேசியில் எதையோ குறித்துக்கொண்டார். குசினியிலிருந்து சிநேகிதி அகப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

"இப்ப முடிஞ்சுது," என்றேன்.

கோப்பியை நானே கொண்டுபோய்க் கிண்ணத்தில் ஊற்றினேன். ஆவி பறந்தது. ஜெர்மன் தலைவர் குடித்தார். எங்கள் தலைவி குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். பேக்கரிக்காரர் கண்ணாடியைக் கழற்றி, இந்த முறை முதல் பையிலேயே லேஞ்சியை எடுத்து, "இப்ப வந்து சேர்ந்திட்டம்" என்றார். ஒரு மணித்தியாலத்தில் விமான நிலையத்துக்குப் புறப்பட்டார்கள்.

அவர்கள் போன பிறகு நான் கோப்பைகளைக் கழுவி, துடைத்து, அடுக்கி, ஊசியைக் கழற்றித் திறப்பை மேசையில் வைத்தேன். சிநேகிதி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைவி வந்தாள். திறப்பைப் பார்த்தாள், கோப்பிப் பானையைப் பார்த்தாள்.

"மெசின் வந்தால், அதுக்குப் பொத்தானை எப்ப அமத்த வேணும்?" என்று கேட்டாள். சுட்ட நாக்கானபடியால் சொல் கொஞ்சம் தடித்து வந்தது.

"அதுக்கு எப்பவும் அமத்தலாமாமே. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவள் திறப்பை எடுத்துத் தானே என் சட்டையில் குத்தினாள். பழக்கமில்லாத கை, ஊசி என் தோளிலும் ஏறிவிட்டது.

மெசின் வந்தது. குசினி மூலையில் நிற்கிறது. தூசி படாமல் இருக்க ஒரு மேசைத்துணி போட்டு மூடியிருக்கிறேன்.

வைகாசியில் ஜெர்மன்காரரின் புது வரலாற்றுப் புத்தகம் தபாலில் வந்தது. மொழிபெயர்ப்புக்காரி அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். துணி தோய்க்கிற பெண்ணுக்கு ஒரு முழுப் பக்கம். கால் துடைத்ததும் இருக்கிறது. நாலாவது ஆளும், அவருடைய மற்றக் காலும் இருக்கின்றன. அது உண்மையோ என்று அவள் என்னைக் கேட்டாள். எழுத்தில் இருக்கிறதே, பிறகென்ன கேள்வி என்றேன்.

தலைவி அந்தப் பக்கத்தை நோர்வே மொழியில் எழுதுவித்துச் சட்டம் போட்டு, குசினி வாசலுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். இப்போது உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அதை வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டுக் கால்மிதியைப் பார்க்கிறார்கள். நீதவான் இரண்டு காலையும் துடைக்கிறார்.